அட்டக்கிரகச் சேர்க்கையும் வாராத ஊழியும்

நாளை நிகழ்வதை இன்றே அறிய வேண்டும் என்னும் வேட்கை மனிதனோடு பிறந்தது. மழை எப்பொழுது பெய்யும் என்று உழவன் எண்ணுகின்றான். காற்று எப்பொழுது திரும்பும் என்று கடலோடி எண்ணுகின்றான். பஞ்சாங்கமும் வானிலை அறிக்கையும் இவ்வேட்கையின் பயன்களே. ஆயின், அறியக்கூடியதை அறிய முயலும் அதே உள்ளம் சிற்சில வேளைகளில் அறியமுடியாததையும் அறிந்துவிட்டதாகத் துணிகின்றது. உலகம் இன்ன நாளில் அழியும் என்று நாள் குறித்துக் கூறுதல் அத்தகைய துணிவின் உச்சமாகும். அவ்வாறு குறிக்கப்பட்ட நாள்கள் பல வந்தன, வந்தவாறே சென்றன. அவற்றுள் தமிழ் மக்கள் வாழும் நாடுகளை மிகவும் கலக்கியது 1962ஆம் ஆண்டின் அட்டக்கிரகச் சேர்க்கை எனலாம். அந்நிகழ்ச்சியை ஆராய்வது வெறும் பழங்கதை பேசுவதாகாது. கடலை முற்றத்திலே கொண்ட திருகோணமலை போன்ற ஊருக்கு, பொய்த்துப்போன முன்னறிவிப்பை எவ்வாறு மதிப்பது என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

மூன்று நாள் அச்சம்

பிலவ வருடம் தை மாதம். சூரியன் மகர இராசியில் நின்றான். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்னும் ஐந்து கோள்களும் கேதுவும் அதே இராசியில் இருந்தன. 1962 பெப்ரவரி 3ஆம் திகதி மாலையிலே சந்திரனும் மகரத்துட் புகவே, நவக்கிரகங்களுள் எட்டு ஓர் இராசியில் ஒன்றுகூடின. இராகு மட்டும் எதிர்ப்புறத்துக் கடகத்தில் நின்றது. 5ஆம் திகதி மாலையிற் சந்திரன் கும்பத்துக்குச் செல்லும்வரை இந்நிலை நீடித்தது. இடையில் 5ஆம் திகதி விடியற்காலை அமாவாசை. அதனோடு முழுச் சூரிய கிரகணமும் நேர்ந்தது. அக்கிரகணத்தின் முழுநிழல் போர்ணியோ, நியூகினி, பசிபிக் சமுத்திரம் ஆகிய பகுதிகளிற் படிந்து சென்றது.

எட்டுக் கோள்கள் கூடினால் உலகுக்குப் பெருங்கேடு விளையும் என்று சோதிடர் பலர் உரைத்தனர். பாரதப் போருக்கு முன்னும் இத்தகைய கூட்டம் நிகழ்ந்ததென்று சிலர் எடுத்துக்காட்டினர். நிலநடுக்கம், கடல்கோள், பெரும்போர் எனப் பலவாறு பேசப்பட்டன. இந்திய நகரங்கள் பலவற்றில் வேள்விகள் நடந்தன. பிரயாணங்களும் மங்கல காரியங்களும் ஒத்திவைக்கப்பட்டன. பிரதமர் நேரு இவ்வச்சத்தை நகைப்புக்குரியதென ஒதுக்கினார். பர்மாவின் பிரதமர் ஊ நூ, தீங்கு நீங்கும்பொருட்டு உயிரினங்களை விடுவித்துப் புண்ணியம் தேடினார். ஆட்சிப் பீடத்தில் இருந்தோரும் ஒரே மனத்தினராய் இல்லை என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

இலங்கையைப் பொறுத்தவரை, நாட்டின் பதினான்காவது சுதந்திர தினமாகிய பெப்ரவரி 4ஆம் திகதியும், பிதிரரை நினைந்து நீராடும் தை அமாவாசையும் இக்குறித்த நாள்களுக்குள்ளேயே அடங்கின. கொண்டாட்டத்துக்கும் வழிபாட்டுக்கும் உரிய நாள்கள் அழிவுக்குரிய நாள்களாகப் பேசப்பட்டமை விந்தையே. பெப்ரவரி 6ஆம் திகதி வழமைபோல் விடிந்தது. உலகம் இருந்த இடத்திலேயே இருந்தது.

கணக்கும் முடிபும்

சோதிடர் சொன்னதில் எது பிழை என்று ஆராயுமிடத்து, ஓர் உண்மையை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவர்களுடைய கணக்குப் பிழைக்கவில்லை. இன்ன நாளில் இன்ன கோள் இன்ன இடத்தில் நிற்கும் என்று பஞ்சாங்கம் கூறியவாறே அவை நின்றன. அமாவாசையும் கிரகணமும் குறித்த வேளையில் நிகழ்ந்தன. ஆகவே பிழை கணக்கில் இல்லை; கணக்கிலிருந்து முடிபுக்குத் தாவிய தாவலிலேயே உள்ளது. கோள்கள் கூடும் என்பது கணிதம். கூடினால் உலகம் அழியும் என்பது கணிதத்தால் நிறுவப்படாத வேறொரு கூற்று. முன்னதன் திருத்தத்தைக் கண்டு வியந்த மக்கள், பின்னதற்கும் அத்திருத்தம் உண்டென்று நம்பினர்.

எட்டின் கூட்டம் எத்துணை அரியது என்பதையும் நிதானமாக நோக்கல் தகும். கேது ஒரு கோளன்று. சந்திரன் செல்லும் பாதை சூரியன் செல்லும் பாதையை வெட்டுகின்ற இரு புள்ளிகளுள் ஒன்றே அது. அமாவாசையில் சூரியனும் சந்திரனும் அப்புள்ளிகளுள் ஒன்றனை அண்மியிருந்தாலன்றிச் சூரிய கிரகணம் நிகழாது. எனவே சூரியன், சந்திரன், கேது ஆகிய மூன்றும் கூடினவென்று சொல்வதும், கேதுப் பக்கத்திலே கிரகணம் உண்டாயிற்றென்று சொல்வதும் ஒன்றே. இனி, புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. வெள்ளி 48 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆதலின் இவ்விரண்டும் சூரியனை விட்டு அதிகம் விலகாமலே என்றும் காணப்படும். எஞ்சுவன செவ்வாய், வியாழன், சனி என்னும் மூன்று. வியாழனும் சனியும் ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு ஒருமுறை சந்திப்பன. 1961 பெப்ரவரியிலே அவை சந்தித்திருந்தன. அடுத்த ஆண்டில் அவை அதிகம் பிரிந்துவிடாமுன் செவ்வாயும் அவ்வழி வந்தது. இவ்வாறு பகுத்து நோக்கும்போது, எட்டின் கூட்டம் அரியதே எனினும் அச்சத்துக்குரியது அன்று என்பது புலனாகும்.

மேலும், அக்கோள்கள் அனைத்தும் மகரத்தில் நின்றன என்பது நம்மவரின் நிராயனக் கணக்கு. மேலை நாட்டுச் சோதிடரின் சாயனக் கணக்கின்படி அதே கோள்கள் அதே வேளையிற் கும்பத்தில் நின்றன. வானத்தைப் பன்னிரண்டு வீடுகளாகப் பிரிக்கும் எல்லைகள் மனிதன் வகுத்தவை. கோள்களோ அவ்வெல்லைகளை அறியா. பழங்கணக்கில் இடம்பெறாத யுரேனசு அந்நாள்களில் ஏறத்தாழ எதிர்த்திசையில் நின்றது. எனவே எல்லாக் கோள்களும் ஒன்றுதிரண்டன என்பதும் முழுதும் பொருந்தாது.

கோள்களின் ஈர்ப்பினாற் கடல் பொங்காதோ என்று வினவுவாருக்கும் விடை உண்டு. கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் விசை, பொருளின் திணிவோடு கூடும். ஆனால் தொலைவின் கனத்துக்கு ஏற்பக் குறையும். தொலைவு இருமடங்காயின் அவ்விசை எட்டில் ஒரு பங்காகும். 1962 பெப்ரவரியிற் புதன் ஒன்றைத் தவிர ஏனைய கோள்கள் சூரியனுக்கு அப்பால் நின்றன. கோள்களுட் பெரியதாகிய வியாழன் அப்போது பூமியிலிருந்து ஏறத்தாழ 90 கோடி கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. அதன் ஏற்றவற்ற விசை சந்திரனுடைய விசையிற் சுமார் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கேயாகும். அமாவாசைதோறும் பௌர்ணமிதோறும் சூரியசந்திரர் இணைந்து தரும் விசையினாலேயே திருகோணமலைத் துறைமுகத்து நீர் ஒரு மீற்றருக்குக் குறைவாகவே ஏறி இறங்குகின்றது. அவ்வாறாயின் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு என் செய்யும்?

பழைய உதாரணங்கள்

கோட்கூட்டம் கண்டு நடுங்கியவர்கள் நம்மவர் மட்டுமல்லர். 1186ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கோள்கள் துலா இராசியில் ஒன்றுகூடும், கொடும்புயல் எழும் என்று ஐரோப்பாவெங்கும் கடிதங்கள் பரவின. பாரசீகத்திற் புலவரும் சோதிடருமாகிய அன்வரி அதே புயலை முன்னுரைத்தார். அந்நாள் இரவில் மசூதித் தூபியின் உச்சியில் ஏற்றிய விளக்குக்கூட அசையாது எரிந்தது என்று பாரசீக மரபு கூறும். 1524 பெப்ரவரியில் மீன இராசியிற் கோள்கள் கூடுமென்றும் அதனாற் பெருவெள்ளம் வருமென்றும் செருமனியிலும் இத்தாலியிலும் நூற்றுக்கு மேற்பட்ட சிறுநூல்கள் அச்சாயின. வெள்ளம் வரவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியிற் செருமனியில் உழவர் கிளர்ச்சி மூண்டபொழுது, முன்னுரைத்த வெள்ளம் இதுவே என்று சிலர் பொருள் கூறினர்.

அறிவியலின் பெயராலும் இத்தகைய கூற்று எழுந்ததுண்டு. 1974இல் வெளிவந்த ‘வியாழ விளைவு’ என்னும் ஆங்கில நூல், 1982இற் கோள்கள் ஒருபக்கம் சேர்வதனாற் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் உண்டாகலாம் என்றது. அதுவும் நிகழவில்லை. 2012 டிசெம்பர் 21ஆம் திகதி மாயர் நாட்காட்டியின் பெயராற் பரவிய அச்சமும் அவ்வாறே ஒழிந்தது.

செருமனியில் நிகழ்ந்தது 1962இலும் நிகழ்ந்தது. அழிவு வாராமை கண்டு, கூற்றுப் பொய்யென்று ஒப்புக்கொண்டோர் சிலரே. வேள்விகளாலேயே உலகம் தப்பியது என்றனர் ஒருசாரார். விளைவு உடனே தோன்றாது, ஆண்டுக்குள் தோன்றும் என்றனர் மற்றொரு சாரார். மார்ச்சு 2ஆம் திகதி பர்மாவில் ஊ நூவின் ஆட்சி படையினராற் கவிழ்க்கப்பட்டது. ஒக்டோபரில் இந்திய சீனப் போர் மூண்டது. அதே மாதத்திற் கியூபா நெருக்கடியும் உலகை அணுப் போரின் விளிம்பில் நிறுத்தியது. இவையெல்லாம் அட்டக்கிரகத்தின் பயன்களாக எண்ணப்பட்டன. ஆனால் இலங்கை அரசைக் கவிழ்க்கும் சதி முறியடிக்கப்பட்டதோ சனவரி மாத இறுதியில், அதாவது கோள்கள் கூடுமுன்னர். இருபதாம் நூற்றாண்டில் எவ்வாண்டை எடுத்தாலும் போரும் புரட்சியும் காணப்படும். எது நிகழ்ந்தாலும் பொருந்திவிடும் முன்னுரை உண்மையில் எதனையும் முன்னுரைத்ததாகாது.

திருகோணமலைக்கும் இத்தகைய மரபு ஒன்று உண்டு. பிரெடரிக் கோட்டை வாயிலிலே சிதைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் அழிப்பர் என்றும், அதன்பின் கண்ணின் நிறத்தாற் குறிக்கப்படும் வேற்று நாட்டார் ஒருவர்பின் ஒருவராய் ஆள்வர் என்றும் கூறும் பாடலோடு அக்கல்வெட்டை இணைப்பர். கல்லில் எஞ்சியுள்ளவை சில சொற்றுண்டங்களே. முழுப்பாடலாக வழங்குவது மரபுவழி வந்தது. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை 1620களில் இடித்து அதன் கற்களாற் கோட்டை கட்டியதும், பின் ஒல்லாந்தரும் பிரித்தானியரும் ஆண்டதும் வரலாறு. எனினும் இன்ன கண்ணினர் இன்னாரே என்னும் விளக்கம், அவ்வாட்சிகளைக் கண்டபின் எழுந்ததாதல் வேண்டும். நிகழ்ந்தபின் பொருள் தெளிவாகும் வாக்கு உள்ளத்துக்கு ஆறுதல் தரலாம்; வருமுன் காக்க உதவாது.

சைவ நெறியின் நோக்கு

உலக முடிவு என்பதைச் சைவ நூல்கள் மறுப்பதில்லை. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலுள் அழித்தலும் ஒன்று. ஆயின் அவ்வழித்தல், பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றும் அருட்செயல் என்றே சித்தாந்தம் கொள்ளும். மேலும், கலியுகத்தின் அளவு 4,32,000 ஆண்டு என்பது மரபுக் கணக்கு. அது கி.மு. 3102இல் தொடங்கியது என்பர். அக்கணக்கை நம்புவோருக்குக் கலியிற் கழிந்தது ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டே. எஞ்சியிருப்பதோ நான்கு இலட்சத்துக்கு மேல். கலியின் தொடக்கத்திலேயே கோள்கள் அனைத்தும் மேட முதலில் ஒன்றுகூடியிருந்தன என்று வானநூலார் கொண்டனர். ஆகவே நம் பழைய கணித மரபிற் கோட்கூட்டம் கணக்கின் தொடக்கப் புள்ளியாக விளங்கியதேயன்றி உலக முடிவின் அடையாளமாக விளங்கவில்லை. 1962இன் அச்சத்துக்கு மரபே சான்று பகரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

இன்னொரு பொருத்தமும் நினைக்கத்தக்கது. திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட திருஞானசம்பந்தரை நோக்கி, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று திருநாவுக்கரசர் தடுத்தருளினார். அப்போது சம்பந்தர் பாடியதே கோளறு பதிகம். அடியாரைக் கோள்கள் வருத்தமாட்டா என்பதே அதன் துணிபு. கோளறு பதிகம் பாடிய அதே பெருமானே திருக்கோணமலைக்கும் பதிகம் பாடியவர். இராமேச்சுரத்திலிருந்து அதனைப் பாடியருளினார் என்பர். கோணேசர் சந்நிதியிலே அவர் பதிகத்தை ஓதும் மக்கள், கோளுக்கு அஞ்சி நடுங்குதல் பொருந்துமா? சம்பந்தர் கோள்களை இல்லையென்று கூறவில்லை. அச்சத்தாற் கடமையை நிறுத்தற்க என்று காட்டினார். அன்று அவர் மதுரைக்குச் சென்றமையாலேயே பாண்டி நாட்டின் வரலாறு மாறியது.

இவ்வூரிலும் அத்தகைய செயல் நிகழ்ந்தது. 1950இல் நிலத்தடியிலிருந்து கோணேசரின் பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. அடியார்கள் சுவாமிமலையிற் கோயிலை மீண்டும் எழுப்ப முற்பட்டனர். உலகம் முடியும் என்று நாள் குறித்த பெப்ரவரி கழிந்து ஓராண்டின் பின், 1963இல், கும்பாபிடேகம் நிறைவேறியது. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக இல்லாதிருந்த கோயிலை எழுப்பியவர்கள், நாளை உண்டு என்னும் நம்பிக்கையிலேயே கல்லின்மேற் கல் அடுக்கினர்.

சொல்லாமல் வந்த அழிவுகள்

குறித்த நாளில் அழிவு வரவில்லை என்பதனால் அழிவே வாராது என்று எண்ணுதல் மற்றொரு மயக்கமாகும். 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. 1964 டிசெம்பர் 22ஆம் திகதி பெருஞ்சூறாவளி இக்கரையைக் கடந்து வடமேற்கே சென்று தனுஷ்கோடியை அழித்தது. அட்டக்கிரக நாளைக் குறித்து ஊரெல்லாம் பேசியதுபோல் இந்நாளைக் குறித்து எவரும் பேசினாரல்லர்.

2004 டிசெம்பர் 26ஆம் திகதியோ எக்காலத்திலும் மறக்கற்பாலதன்று. அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவின் அருகே கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துள் பேரலை இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்கள் பேரிழப்புக்கு ஆளாயின. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரண்டு மணித்தியாலமே நெஞ்சை வருத்துவது. மேட்டுநிலத்துக்கு நடந்து செல்லவும் அது போதும். பசிபிக் சமுத்திர நாடுகளுக்கு எச்சரிக்கை நிலையம் இருந்தது. அங்குள்ளோர் நிலநடுக்கத்தைச் சில நிமிடங்களில் அறிந்தனர். இந்து சமுத்திரக் கரையில் வாழ்வோருக்கு அதனை எடுத்துச் சொல்லும் ஒழுங்கு இருக்கவில்லை. 1962இல் வாராத அழிவுக்கு வாரக்கணக்காக எச்சரிக்கை கிடைத்தது. 2004இல் வந்த அழிவுக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அதன்பின் எச்சரிக்கை முறை அமைக்கப்பட்டது. 2012 ஏப்பிரல் 11ஆம் திகதி பிற்பகலிற் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தபோது, இலங்கைக் கரையோர மக்கள் உள்நாடு நோக்கி விரைந்தனர். பேரலை வரவில்லை. கடலடிப் பாறைகள் மேலுங்கீழுமாக எழாது பக்கவாட்டில் நகர்ந்தமையே காரணம். மாலையில் எச்சரிக்கை மீளப்பெறப்பட்டது. அன்றும் சிலர், அட்டக்கிரகம்போல் இதுவும் வீண் பயமாயிற்று என்று நகைத்திருத்தல் கூடும். இந்நகைப்பே மிக ஆபத்தானது.

இரண்டு எச்சரிக்கைகளும் பயனின்றிக் கழிந்தவைபோலத் தோன்றினும் தம்முள் ஒப்பன அல்ல. 2012இன் எச்சரிக்கை நிகழ்ந்துவிட்ட ஒரு நடுக்கத்தின் மேல் எழுந்தது. தன் காரணத்தைக் கூறியது. ஐயத்துக்கு இடமுண்டு என்பதையும் மறைக்கவில்லை. கடலின் அளவுகள் கிடைத்ததும் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. ஏன் அலை எழவில்லை என்பதையும் பின்னர் ஆராய்ந்து கூறியது. 1962இன் கூற்றோ காரணத்தைக் காட்டவில்லை; பொய்த்த பின்னும் திருந்தவில்லை; நிகழ்ந்தவற்றையெல்லாம் தனக்குச் சான்றாக வளைத்துக்கொண்டது. பிழைக்கக்கூடியது என்று ஒப்புக்கொள்ளும் அறிவே நம்பத்தக்கது. எந்நிலையிலும் பிழையாகாத கூற்று நம்பத்தக்கதன்று.

முடிவுரை

1962இல் அஞ்சியவர்களை இகழ்தல் நன்றன்று. அவர்களிற் பலர் குழந்தைகளைக் காக்க வேண்டும் என்னும் அன்பினாலேயே அஞ்சினர், கூடி வழிபட்டனர். அவ்வன்பு குற்றமன்று, அதனைத் தவறான திசையிற் செலுத்திய கூற்றே குற்றம். ஒரு பொய்யெச்சரிக்கை மக்களுக்கு இழைக்கும் தீங்கு அந்த மூன்று நாள் கலக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மெய்யெச்சரிக்கை வரும்போது அதனைக் கேளாத செவியை அது வளர்த்துவிடுகின்றது.

ஆகவே கற்றோர்க்கு உரிய கடமை இரண்டு. நாள் குறித்து அழிவு கூறுவோரிடம் காரணம் கேட்டல் ஒன்று. காரணம் காட்டும் எச்சரிக்கை வரும்போது, சென்றமுறை ஒன்றும் நிகழவில்லையே என்று வாளாவிராது, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மேட்டுநிலம் சேர்தல் மற்றொன்று. பத்துமுறை ஏறி ஒன்றும் நேராது திரும்பினும் இழப்பது சிறிது நேரமே. ஏறாத ஒருமுறை அலை வந்துவிட்டால் இழப்பதற்கு ஈடில்லை. ஒருபுறம் உட்டுறைமுகமும் மறுபுறம் திறந்த கடலும் சூழ வாழும் திருகோணமலை மக்களுக்கு, வாராத ஊழி கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.